பதினொன்று ஐம்பத்தைந்துக்குச் செத்தவர்

தொலைபேசி அலறியபோது போலீஸ் கொமிசர் நெரிமான் மீன் ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

எதிரில் கான்ஸ்டபிள் ஹிக்மெத். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். காலையிலிருந்து ஒரு படகுத் திருட்டுக்காக அலைந்ததில் மதியச் சாப்பாடு இப்போதுதான் வாய்த்திருந்தது. மனிதர் எலுமிச்சையைப் பிழிந்து, வெங்காயத்தை ஒதுக்கி, ஒரு கல்யாணத்துக்குத் தயாராகிற மாதிரி ரொட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

நெரிமான் தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியைச் செருகினாள்.

"கொமிசர்... நான் ஃபெரித். மாநாட்டு மரபு அதிகாரி. கன்லிஜா மாளிகையிலேர்ந்து பேசறேன். இங்க ஒருத்தர் செத்துட்டார்."

"எப்போ?"

"இப்பத்தான். பத்து நிமிஷம் இருக்கும். பதினொன்னு ஐம்பத்தஞ்சுக்கு."

நெரிமான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

மாலை நாலு பத்து.

"ஃபெரித் பே, குடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. இங்க மணி பதினொன்னு ஐம்பத்தஞ்சுதான். நேர்ல வாங்க, புரியும்."

நெரிமான் எழுந்தாள். ஹிக்மெத் ரொட்டியை ஏக்கமாகப் பார்த்தார். படகுத்துறைப் பூனை அதைவிட ஏக்கமாகப் பார்த்தது.

பூனைதான் ஜெயித்தது.

இஸ்தான்புல்லின் கன்லிஜா கரையோர மாளிகையில் பதினோரு நாளாக ஜலசந்தி மாநாடு நடந்துகொண்டிருந்தது. கருங்கடலுக்குப் போகிற கப்பல்களை யார் வரிசைப்படுத்துவது, யார் நிறுத்திவைப்பது, யார் இழுத்துப்போவது... இதை முடிவு செய்ய நான்கு வருடமாகப் பதினேழு நாடுகள் பேசிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இவர்கள் அனுமதிப்பதற்காக ஒரு கப்பல்கூட இதுவரை காத்திருந்ததாகத் தகவல் இல்லை.

மாநாட்டுத் தலைவர் மாண்புமிகு காஸ்பர் லிண்ட்னர். மலைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு குட்டி நாட்டுக்காரர். அவருடைய நாட்டில் கடல் கிடையாது. கடல் இல்லாததால் அவர் நடுநிலையாளர். நீச்சல் தெரியாதவனைக் குளத்துக்குக் காவல் வைக்கிற ஏற்பாடு.

ஃபெரித் பே, அதாவது ஃபெரித் ஐயா, வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது வயது. கழுத்துப்பட்டை முடிச்சில் ஒரு சுருக்கம் கிடையாது. முகத்தில் நிறைய இருந்தது.

வரைபட அறைக்கு அழைத்துப்போனார். நீள மேஜை. அதன் மேல் தலை சாய்த்து, தூங்குவது போல ஒரு வெள்ளைமீசை மனிதர். கேப்டன் ஹய்ரி. முப்பது வருடம் இந்த ஜலசந்தியில் கப்பல்களுக்கு வழி காட்டியவர். மாநாட்டுக்குத் தொழில் ஆலோசகர். அதாவது, அந்த மாளிகையில் கடலை நிஜமாகவே பார்த்த ஒரே ஆள்.

கைக்குப் பக்கத்தில் இடுப்பு சிறுத்த தேநீர் டம்ளர். முக்கால்வாசி காலி.

போலீஸ் டாக்டர் டம்ளரை மோந்து பார்த்து, முகம் சுளித்தார். அடியில் இருந்ததை ஒரு குச்சியில் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆய்வுக்கூடம் சொல்கிற வரை தன் பேரை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னார்: "இதயத்துக்குப் போடற சொட்டு மருந்து மாதிரி இருக்கு. பத்து சொட்டு போட்டா பிழைப்பான். பாட்டிலையே கவுத்தா இப்படித்தான். கசப்பு தெரியாம இருக்க சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கான்."

நெரிமான் டம்ளரையே பார்த்தாள். அடியில் சர்க்கரை கூழாகப் படிந்திருந்தது. தட்டில் ஈரமான கரண்டி.

"எத்தனை மணிக்கு உயிர் போயிருக்கும்?"

"நாலு மணி வாக்கில."

ஃபெரித் பே இருமினார். "டாக்டர், அப்படிச் சொல்லக் கூடாது. பதினொன்னு ஐம்பத்தஞ்சுன்னு எழுதுங்க."

டாக்டர் நெரிமானைப் பார்த்தார். நெரிமான் ஃபெரித் பேயைப் பார்த்தாள்.

"இப்போ புரிய வைங்க."

அவர் புரிய வைத்தார்.

மாநாட்டின் ஆயுள் இன்று மதியம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. பதினேழு நாட்டு நாடாளுமன்றங்களும் அதுவரைதான் அதிகாரம் கொடுத்திருந்தன. பன்னிரண்டு அடித்துவிட்டால் போடுகிற கையெழுத்து வெறும் கிறுக்கல். ஆனால் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஏழாம் பிரிவில் இன்னும் இரண்டு வார்த்தை பாக்கி இருந்தது. அதனால் தூதர்கள் உலகெங்கும் செய்வதைத்தான் செய்தார்கள். தலைவர் லிண்ட்னர் எழுந்தார். மாநாட்டு மண்டபச் சுவரில் இருந்த பழைய பெரிய கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். ஆடிக்கொண்டிருந்த ஊசல்குண்டை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினார்.

அவ்வளவுதான். காலம் நின்றுவிட்டது!

பதினேழு நாடுகளும் கைதட்டின. கைக்கடிகாரங்களைச் சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டன. செல்போன்கள் முதல் நாளே வாசலில் பிடுங்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு அந்த மாளிகையில் நடந்த எல்லாமே குறிப்பேட்டில் '11.55' என்றுதான் பதிவாகியிருந்தது. ஏழாம் பிரிவுச் சண்டை 11.55. மதிய உணவு 11.55. பிறகு ஒரு குட்டித் தூக்கம், அதுவும் 11.55.

கொலையும்.

"இந்த ஊர்ல ஒரே ஒரு மனுஷருக்காகத்தான், நம்ம முதல் ஜனாதிபதிக்காகத்தான், கடிகாரத்தை நிறுத்தி வெச்சிருக்கோம், ஃபெரித் பே. அவர் உயிர் போன ஒன்பது அஞ்சுல. அவர் ஒரு நாட்டையே உண்டாக்கிட்டுச் செத்தார். இவங்க என்ன பண்ணாங்க?"

"நாலு வருஷ உழைப்பு, கொமிசர்."

"நாலு வருஷம் பேசினதுக்கப்புறமும் அஞ்சு நிமிஷம் பத்தலை."

ஃபெரித் பே அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு முடிவு தயாராக இருந்தது. பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தலைவரும் பதினேழு தூதர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பேடு சொல்கிறது. அந்த நேரத்தில் மாளிகைக்குள் நடமாடிய ஒரே ஆள் குறிப்பேட்டில் பேரே இல்லாத ஆள். தேநீர்க்காரர் துர்முஷ். தேநீரில் விஷம். தேநீர் கொடுப்பவர் அவர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"கூட்டிட்டுப் போங்க. விஷயம் முடிஞ்சுது."

"மத்தவங்களை விசாரிக்கணும்."

"முடியாது." ஒரு காகிதத்தை நீட்டினார். மாநாட்டை இங்கே நடத்த அரசாங்கம் போட்டுக் கொடுத்த உறுதிமொழி. மாநாட்டுக்கு வந்தவர்களைக் கைது செய்யக் கூடாது, சோதனை போடக் கூடாது, விசாரிக்கக் கூடாது. கடைசி நாள் மதியம் பன்னிரண்டு மணி வரை.

"இப்போ மணி நாலரை."

"இந்த வீட்டுக்குள்ள இல்ல." ஃபெரித் பே குரலைத் தாழ்த்தினார். "நாலரைன்னு நீங்க ஒரு காகிதத்துல எழுதினா, பன்னிரண்டு எப்பவோ தாண்டிடுச்சுன்னு அர்த்தம். ஒப்பந்தம் செத்துது. நாலு வருஷம் போச்சு. உங்க வேலை போச்சு. என் வேலை போச்சு. ஆறு மணிக்குக் கையெழுத்து. ஆறரைக்குத் தலைவருக்குத் துறையில படகு, அங்கேர்ந்து விமானம். அதுவரைக்கும் சத்தம் போடாதீங்க."

நெரிமான் சத்தம் போடவில்லை. அவளுடைய கையில் இருந்தது இரண்டு மணி நேரம். அந்த மாளிகைக் கணக்கில், அதுவும் இல்லை.

தேநீர் அறை பின்கட்டில் இருந்தது. துர்முஷ் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகளில் விலங்கு. வாசலில் நின்ற காவலர்கள் அவசரப்பட்டு மாட்டியிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயது. இருபத்தாறு வருடமாக அந்த மாளிகையின் தேநீர்க்காரர். அடுப்பில் இரட்டைக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. விலங்கோடேயே எட்டித் தீயைக் குறைத்தார்.

"கொதி அதிகமானா கசந்துடும், கொமிசரம்மா."

"உங்களை ஆயுசுக்கும் உள்ள தள்ளப் போறாங்க, அண்ணே. தேநீர் கசந்தா என்ன?"

"செஞ்சவன் நான்தானே, பேச்சு எனக்குத்தான் வரும்."

நெரிமான் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேப்டனுக்குக் கடைசியாக எப்போது தேநீர் கொடுத்தார் என்று கேட்டாள். மூணு மணிக்கு என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அல்ல. எதிர்க்கரைப் பள்ளிவாசலில் மதியத்துக்கும் அந்திக்கும் நடுவில் வருகிற பாங்கு சொல்லும்போது. அவர் ஒருவர்தான் அந்த வீட்டில் உண்மையான நேரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

"எத்தனை சர்க்கரை போட்டீங்க?"

துர்முஷ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தொழிலை அவமானப்படுத்திவிட்டாள் என்கிற பார்வை.

"கேப்டனுக்கா? அவர் கிழக்கே எர்ஸுரும் ஊர்க்காரரு. டம்ளர்ல சர்க்கரையே போட மாட்டாரு. கட்டியைப் பல்லுல கடிச்சு வெச்சுக்கிட்டு மேலே தேநீரை உறிஞ்சுவாரு. பதினோரு நாளா அவருக்கு நான் கரண்டியே வெச்சதில்லை. வெச்சா திட்டுவாரு, என்னை இஸ்தான்புல்காரன்னு நெனச்சியான்னு."

நெரிமானுக்கு அந்த ஈரக் கரண்டி கண்ணில் வந்து நின்றது.

அப்படியானால் அந்த டம்ளரைக் கலக்கிய ஆளுக்குக் கேப்டனின் பழக்கம் தெரியாது. தேநீரில் சர்க்கரை கரைத்துக் குடிப்பதுதான் உலக வழக்கம் என்று நினைக்கிற ஆள். சரி. ஆனால் சர்க்கரை கரைத்த தேநீரைக் கேப்டன் ஏன் குடித்தார்? துர்முஷ் கொடுத்திருந்தால் முகத்தில் ஊற்றியிருப்பார். சகாக்கள் கொடுத்திருந்தால் நகர்த்தி வைத்திருப்பார்.

மறுக்க முடியாத ஒரு ஆள் தன் கையால் கொண்டுவந்து கொடுத்திருந்தால்தான்...

"இந்த வீட்ல இதயத்துக்கு மருந்து சாப்பிடறவங்க யாரு, அண்ணே?"

"தலைவர்தான். ஊருக்கே தெரியுமே." துர்முஷின் உதடு லேசாகக் கோணியது. "தினமும் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கணும். மணியை ஆட்டி என்னைக் கூப்பிடுவாரு. தண்ணி கொண்டுபோவேன். பதினேழு பேர் முன்னாடியும் ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணிப் பத்து சொட்டு விடுவாரு. உலக சமாதானத்துக்காகத் தன் இதயத்தையே கொடுத்துட்டதா சொல்லிட்டுக் குடிப்பாரு. நேத்து பழைய பாட்டில் தீந்துபோச்சு. என் கையில குடுத்துக் குப்பையில போடச் சொன்னாரு. புதுசு பிரிச்சாரு."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு மணி அடிக்கவே இல்லியே. தண்ணி கேக்கலை."

நெரிமான் முதல் முறையாகச் சிரித்தாள். பார்ப்பதற்கு நன்றாக இல்லை.

துர்முஷ் எழுந்து, விலங்கு மாட்டிய கைகளால் பெரிய பித்தளைத் தட்டை எடுத்து, அதன் மேல் விரித்திருந்த துணியை விலக்கினார். அடியில் நான்காக மடித்த ஒரு வரைபடம். அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு.

கேப்டன் மூன்று மணிக்குக் கொடுத்து வைத்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொண்டு ஓரத்தில் கையெழுத்து வைத்த அசல். இன்று ஒப்பந்தத்தோடு ஒரே உறையில் வைத்திருந்த வரைபடம் வேறு. அதில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையில் காத்திருக்கிற இடத்தைக் காட்டும் கோடு இரண்டு விரல்கடை தள்ளி, வேறொரு விரிகுடாவுக்குப் போயிருந்தது. சீட்டில் கேப்டனின் கோணல் எழுத்து: 'அந்த விரிகுடாக் கரை முழுவதையும் போன மாதம் குத்தகை எடுத்த இழுவைப் படகுக் கம்பெனி. முதலாளி, லிண்ட்னரின் மைத்துனர்.'

பதினேழு தூதர்கள் ஏழாம் பிரிவில் இரண்டு வார்த்தைக்காக நாலு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். வரைபடத்தை ஒருவர்கூட விரித்துப் பார்க்கவில்லை. வார்த்தைகளில் வளர்ந்தவர்கள். கடல் அவர்களுக்குக் காகிதத்தின் நீலப் பகுதி.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"என்னை யாரு கேட்டாங்க, கொமிசரம்மா? கேப்டன்கிட்ட நான் சொன்னேன், பத்திரிகைக்குக் குடுத்துடுங்கன்னு. அவரு கேக்கலை. தலைவர் பெரிய மனுஷன், தெரியாம நடந்திருக்கும், அவர் காதுல போட்டா திருத்திடுவாருன்னு போனாரு." துர்முஷ் தட்டைத் துடைத்தார். "கடல்ல எந்தப் பாறை எங்க இருக்குன்னு அந்த மனுஷனுக்குத் தெரியும். நாற்காலியில உக்காந்திருக்கிற பாறையைத் தெரியலை."

நெரிமான் நேராக மாநாட்டு மண்டபத்துக்குப் போய் லிண்ட்னர் முன்னால் நின்றாள்.

அவர் கையெழுத்துக்காகப் பேனாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளி முடி. மார்பில் ஏழு பதக்கம். துருக்கி மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவர். பேசினால் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும்.

"அம்மையீர், அந்த நற்குணம் மிக்க மாலுமியின் மறைவு எம்மை ஆழ்ந்த துயரில் ஆழ்த்தியுள்ளது."

நாலு மணி வாக்கில் அவர் வெளியே போனதாகச் சொல்கிறார்களே என்று நெரிமான் கேட்டாள். யாரும் சொல்லவில்லை, சும்மா எறிந்து பார்த்தாள்.

லிண்ட்னர் புன்னகைத்தார். கடிகாரத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"நாலு மணி இன்னும் வரவில்லையே, அம்மையீர். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு நான் இந்த நாற்காலியில் அமர்ந்திருந்தேன். பதினேழு நாடுகள் அதற்குச் சாட்சி. தாங்கள் என்னை வினவுவதற்கும் தங்களுக்கு உரிமை இல்லை. பன்னிரண்டு அடிக்கும் வரை."

"பன்னிரண்டு அடிக்கும் வரை," என்றாள் நெரிமான், மனப்பாடம் செய்வது போல.

சுற்றிலும் பார்த்தாள். பதினேழு முகங்கள். அவர் எழுந்து போனது அத்தனை பேருக்கும் தெரியும். போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பியதும் தெரியும். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் நகத்தைப் பார்த்தார். ஒரு தூதர் ஏற்கெனவே கையெழுத்துப் போடுகிற முகபாவத்தைப் பழகிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஃபெரித் பே அவளை ஓரம் கட்டினார். முகம் வெளிறியிருந்தது. புதுச் சிக்கல்.

"கொமிசர்... கையெழுத்து முடிஞ்சதும் தேநீர் குடுக்கணும். மரபு. தூதர்களுக்குத் தொண்டை காஞ்சிருக்கு. இந்த வீட்டு அடுப்பை வேற யாருக்கும் பத்த வைக்கவே தெரியலை."

"அதுக்கு?"

"அந்த ஆளைக் கொஞ்ச நேரம் அவுத்து விடுங்க. கடைசிச் சுற்றுக் குடுத்ததும் கூட்டிட்டுப் போயிடுங்க."

நெரிமான் அவரை ஒரு முழு நிமிடம் பார்த்தாள்.

"தேநீர்ல விஷம் வெச்சவன்னு நீங்க சொன்ன ஆளு. அவர் கையால தேநீர் குடிக்கப் போறீங்க. பதினேழு பேரும்."

ஃபெரித் பே கழுத்துப்பட்டையைச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அவர் நல்லா போடுவார்," என்றார்.

தேநீர் அறையில் நெரிமான் விலங்கைக் கழற்றினாள். துர்முஷ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"உங்க வேலைதான். தேநீர் குடுங்க. அப்புறம், இந்த வீட்ல கடிகாரத்துக்குச் சாவி குடுக்கறது யாரு?"

"நான்தான். இருபத்தாறு வருஷமா."

"இன்னிக்குக் குடுத்தீங்களா?"

"நிறுத்தி வெச்சுட்டாங்களே."

"கையெழுத்து முடியட்டும். தலைவர் பேச எழுந்திருக்கட்டும். அப்போ குடுங்க. குடுத்துட்டு ஊசலை ஒரு தள்ளு." குனிந்து, அவர் காதில் இன்னும் ஒன்று சொன்னாள். பித்தளைத் தட்டைப் பற்றி.

துர்முஷின் புருவம் ஏறியது. "பாத்துடுவாங்களே?"

"அண்ணே, பதினோரு நாள்ல உங்களை யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பாத்திருக்காங்களா?"

துர்முஷ் யோசித்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். இல்லை.

ஆறு மணி. சுவரில் பதினொன்று ஐம்பத்தைந்து.

நீல உறைக்குள் ஒப்பந்தமும் மடித்த வரைபடமும் மேஜையின் ஓரத்தில் இருந்தன. துர்முஷ் தட்டோடு வந்தார். இடம் இல்லாததால் தட்டை அந்த உறையின் மேலேயே வைத்து, டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். துணிக்கு அடியில் கையை விட்டுச் சரி செய்தார். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். ஒரு தூதர் எரிச்சலாக, டம்ளரைப் பார்த்தபடியே, இன்னும் ஒரு கட்டி சர்க்கரை என்றார். அவ்வளவுதான் கவனிப்பு.

உறையைத் திறந்தார்கள். பதினேழு பேர் பதினேழு பேனாவால் வார்த்தைகளின் கீழே கையெழுத்திட்டார்கள். வரைபடத்தின் ஓரத்திலும் இட்டார்கள், அதை விரிக்காமலே. கடைசியாகத் தலைவர். அவரும் விரிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அந்த அறையிலேயே அவருக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்!

கைதட்டல். புகைப்படக்காரர்கள். நெரிமான் ஹிக்மெத்தோடு கதவருகில் நின்றபடி ஃபெரித் பேயிடம் மெதுவாகக் கேட்டாள்.

"முடிஞ்சுதா? இனி செல்லுமா?"

"செல்லும். பதினொன்னு ஐம்பத்தஞ்சுக்குக் கையெழுத்தாச்சு. இனிமே யாராலயும் அசைக்க முடியாது."

"நல்லது."

தலைவர் லிண்ட்னர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். படகு துறையில் உறுமிக்கொண்டிருந்தது. இருபது அடி நடந்தால் படகு. ஆனால் எதிரில் பத்துக் கேமராக்கள்.

"மாண்புமிகு பிரதிநிதிகளே... இரண்டே வார்த்தைகள்..."

அவருடைய முதுகுக்குப் பின்னால் துர்முஷ் கடிகாரக் கதவைத் திறந்தார். சாவியைச் செருகி எட்டுச் சுற்று. ஊசல்குண்டை விரலால் ஒரு தள்ளு.

டிக்... டாக்.

ஃபெரித் பே திரும்பினார். கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய முள் மெல்ல நகர்ந்தது. ஐம்பத்தாறு.

அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

"பேசுங்க, ஃபெரித் பே," என்றாள் நெரிமான், முணுமுணுப்பாக. "தலைவர் நிறைவுரை ஆத்தறார். நடுவுல குறுக்கிடலாமா? மரபுல என்ன போட்டிருக்கு?"

ஃபெரித் பேயின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. முப்பது வருட மரபு அதிகாரி. தலைவரின் நிறைவுரையில் குறுக்கிடுவதைவிட அவர் தன் காலைத் தானே வெட்டிக்கொள்வார்.

லிண்ட்னர் சமாதானத்தின் வரலாற்றைத் தொட்டார். ஐம்பத்தேழு. தன் குழந்தைப் பருவத்தைத் தொட்டார். தன் ஊரில் ஒரு சிற்றோடை இருந்ததையும், அதில் காகிதக் கப்பல் விட்டதையும் சொன்னார். ஐம்பத்தெட்டு. நான்கு தூதர்கள் முள்ளைப் பார்த்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையெழுத்து ஆகிவிட்டது, ஒப்பந்தம் பத்திரம். தேநீரை உறிஞ்சினார்கள்.

அந்த இடத்தில் அவர் நன்றி சொல்லி முடித்திருந்தால் தப்பித்திருப்பார். நிஜமாகவே தப்பித்திருப்பார்.

"இறுதியாக..." என்றார்.

ஹிக்மெத் பெருமூச்சு விட்டார். 'இறுதியாக' என்று சொன்ன எந்தப் பெரிய மனிதரும் அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்குள் உட்கார்ந்ததாக அவருடைய அனுபவத்தில் இல்லை.

லிண்ட்னரும் உட்காரவில்லை. இறுதியாக நன்றி, நிறைவாக நம்பிக்கை, முடிவாக மனிதகுலம்...

டங்!

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

டங்... டங்... டங்...

பன்னிரண்டு முறை. நெரிமான் கம்பளத்தின் மேல் நடந்து வந்தாள்.

"காஸ்பர் லிண்ட்னர். கேப்டன் ஹய்ரியைக் கொன்னதுக்காக உங்களைக் கைது பண்றேன். ஹிக்மெத், உள் பை."

ஹிக்மெத்தின் கை கோட்டுக்குள் போய்ச் சின்னப் பழுப்பு பாட்டிலோடு வந்தது. காலி.

"நேத்து மதியம் பிரிச்ச பாட்டில். பத்து சொட்டுதான் போயிருக்கணும். மிச்சம் எங்க?"

"இன்று நான்... வழக்கத்தைவிட அதிகமாக உட்கொண்டேன்."

"நீங்க பன்னிரண்டு மணிக்குத்தானே குடிப்பீங்க? அது இப்பத்தான் அடிச்சுது."

லிண்ட்னரின் புத்தகத் துருக்கி முதல் முறையாகக் கால் தடுக்கியது. "இது சூழ்ச்சி! இப்போது மணி மாலை ஆறரை! எல்லோருக்கும் தெரியும்!"

"சரி, ஆறரைன்னே வெச்சுக்கலாம். அப்போ உங்க பாதுகாப்பு ஆறரை மணி நேரத்துக்கு முன்னாடியே போச்சு. கூடவே அந்த ஒப்பந்தமும் போச்சு." நெரிமான் மேஜையைப் பார்த்துத் திரும்பினாள். "ஐயாமார்களே, உங்க கையிலயும் கடிகாரம் இருக்கு. மணி என்ன?"

பதினேழு பேர். பதினேழு சட்டைக் கைகள். ஒன்றுகூட மேலே ஏறவில்லை.

ஏழாம் பிரிவுக்காக நான்கு மணி நேரம் கத்திய தூதர் எழுந்து, நாலு வருடத்தில் மாநாடு கண்ட முதல் ஏகமனதான தீர்மானத்தைச் சொன்னார்.

"பன்னிரண்டு."

விலங்கு பூட்டியது. துர்முஷின் கையில் இருந்த அதே விலங்கு. கேப்டனுக்குத் தேநீர் கொண்டுபோனது யார் என்று அந்த மேஜையில் ஐந்து பேருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. சாட்சி சொல்ல முந்திக்கொண்டார்கள். எல்லோருமே நேர்மையானவர்கள்தான், பாதுகாப்பு முடிந்த ஆளைப் பற்றி.

வாசலில் லிண்ட்னர் நின்றார். முகத்தில் பழைய புன்னகை மெல்லத் திரும்பியது.

"தாங்கள் ஒரு முதியவனைப் பிடித்துவிட்டீர்கள், அம்மையீர். ஆனால் கோடு கோடுதான். பதினேழு நாடுகள் கையெழுத்திட்டுவிட்டன. எவராலும் அசைக்க முடியாது."

"வாஸ்தவம். அசைக்க முடியாதுன்னு ஃபெரித் பேயும் சொன்னார். அண்ணே, அந்த உறையைத் திறங்க."

துர்முஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வரைபடத்தை விரித்தார். அந்த மண்டபத்தில் அதை முழுசாக விரித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஓரத்தில் மூன்று மாதப் பழைய நிபுணர் கையெழுத்துகள். அவற்றுக்குக் கீழே ஈரம் காயாத பதினெட்டு. கோடு, கேப்டன் ஹய்ரி வரைந்த அதே இடத்தில்.

லிண்ட்னர் குனிந்து பார்த்தார். கடைசிக் கையெழுத்து அவருடையது.

பேச வாயெடுத்தார். ஹிக்மெத் அவரைப் படகுப் பக்கம் திருப்பினார்.

படகு காத்திருந்தது. ஏற்றினார்கள். விமான நிலையத்துக்குப் பதில் எதிர்த் திசையில் திரும்பியது. உள்ளே, துர்முஷ் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹிக்மெத் பதிவேட்டைப் பிரித்தார். சூரியன் எதிர்க்கரைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"கைது பண்ண நேரம் என்ன எழுதட்டும், கொமிசர்?"

"பன்னிரண்டு."

ஹிக்மெத் எழுதினார். மூடினார். படகுத்துறைப் பக்கம் திரும்பினார்.

"அப்போ மதியச் சாப்பாட்டுக்கு நேரம் சரியா இருக்கு. வாங்க, அந்தப் பூனை வர்றதுக்குள்ள போயிடலாம்."